வேனுக்கு பழைய சைலன்சர் வாங்க புதுப்பேட்டை போறீங்களா? முதல்ல உங்களோடத கழட்டுங்க

நம்ம ஊர்ல இஞ்சின்ல இருந்து வெளிய வர்ற குழாய் மொத்தத்துக்கும் சைலன்சர்னு ஒரே பேருதான், பாதி குழப்பம் அங்கயே ஆரம்பிக்குது. சென்னைல பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைல போய் நின்னு "அண்ணே மாருதி ஈகோ சைலன்சர் இருக்கா"ன்னு கேட்டா இருக்குன்னுதான் சொல்வாங்க, ஆனா உங்களுக்கு வேண்டியது புகைய சுத்தம் பண்ற கன்வெர்ட்டரோட வர்ற முன்பக்க பைப்பா, நடு பைப்பா, பின்னாடி தொங்குற டப்பாவான்னு அவருக்கு எப்படி தெரியும்? அதனால முதல் வேலை, வண்டிக்கு அடியில படுத்து எது போச்சுன்னு பாருங்க. முக்காவாசி நேரம் போறது பின்னாடி டப்பாதான், பெட்ரோல் எரிஞ்சா புகையோட தண்ணியும் ஆவியா வரும், தெருத்தெருவா தண்ணி கேன் போடுற மாதிரி நின்னு நின்னு ஓடுற வண்டில டப்பா சூடேறுறதே இல்ல, அந்த தண்ணி உள்ளயே தங்கி துரு புடிச்சிரும். திருவொற்றியூர், பெசன்ட் நகர் பக்கம்னா வெளிப்பக்கம் உப்புக்காத்து வேற.

அடுத்தது வண்டியோட பிஎஸ், அதாவது புகைக்கு அரசு வச்சிருக்குற பாரத் ஸ்டேஜ் தரம், என்னன்னு பாருங்க, பெரும்பாலும் ஆர்சிலயே போட்டிருக்கும். சென்னைக்கு பிஎஸ்4 2010 ஏப்ரல்லயே வந்துருச்சு, நாடு முழுக்க வந்தது 2017ல, பிஎஸ்6 2020 ஏப்ரல். வெளியூர்ல ரிஜிஸ்டர் ஆன வண்டிய உடைச்ச பார்ட்ஸும் இங்க வரும், ஒரே வருஷ மாருதி ஆம்னி வேன் ரெண்டுன்னாலும் ஒண்ணு பிஎஸ்3, ஒண்ணு பிஎஸ்4ஆ இருக்கலாம், வருஷத்த மட்டும் சொல்லி வாங்குனா மாட்டிப்பீங்க. குழாய்ல ஆக்சிஜன் சென்சார் ஓட்டை எத்தனை, எந்த இடத்துலன்னு உங்க வண்டில எண்ணி வச்சுக்கோங்க, கன்வெர்ட்டருக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு இருக்குற வண்டிக்கு ஒரே ஓட்டை இருக்குறத மாட்டுனா இஞ்சின் லைட் எரிஞ்சுட்டே இருக்கும்.

முடிஞ்சா பழசையே கழட்டி ஆட்டோல போட்டு எடுத்துட்டு போயிடுங்க, அத விட நல்ல அளவு எதுவும் இல்ல. வண்டிய நிறுத்த முடியாதுன்னா வீட்ல கெடக்குற கல்யாண பத்திரிக்கை அட்டைய ஃப்ளேஞ்ச் (குழாய் முனைல போல்ட் போடுற தகடு) மேல வச்சு அழுத்தி போல்ட் ஓட்டையோட அச்சு எடுத்துக்கோங்க, குழாயோட வெளிச்சுத்த ஒரு நூலால அளந்துக்கோங்க, ஃப்ளேஞ்ச்ல இருந்து ரப்பர் தொங்குற கொக்கி வரைக்கும் நீளம் எவ்ளோன்னு டேப்ல பாருங்க, நாலு பக்கமும் போட்டோ. ஜாயின்ட்ல லீக் ஆகாம நடுவுல வைக்கிற கேஸ்கெட் தட்டையா இல்ல வளையம் மாதிரி உருண்டையான்னும் பாத்துக்கணும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு உக்காராது. டிராவலர், விங்கர் மாதிரி வண்டின்னா பேரு ஒண்ணா இருந்தாலும் வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) பல சைஸ்ல வரும், நடு பைப் நீளமே மாறிடும். "வெட்டி வெல்டு வச்சுக்கலாம் தல"ன்னு கடைல சொல்லுவாங்க, கொக்கிய அரை இஞ்ச் தள்ளி வைக்கிறதுன்னா சரி, குழாயவே வெட்டி ஒட்ற அளவுக்கு போகுதுன்னா அது உங்க வண்டியோடது இல்ல, வச்சுட்டு வந்துடுங்க.

இப்ப கையில எடுத்து பாக்குற கதை. புதுசா கருப்பு பெயின்ட் அடிச்சிருந்தா சந்தேகப்படுங்க, உள்ள பட்டி பாத்திருப்பாங்க. ஸ்பேனரால தட்டுனா நல்ல தகடு டிங்னு கேக்கும், அரிச்சது டொப்புனு செத்த சத்தம். மடிப்பு ஓரத்துல கட்டைவிரலால நல்லா அழுத்துங்க, குலுக்கி பாருங்க, மொபைல் டார்ச் அடிச்சு ரெண்டு முனையும் பாருங்க. உள்ள காஞ்ச சேறு இருந்தா வெள்ளத்துல நின்ன வண்டியோடது, எவ்ளோ சல்லிசா கெடச்சாலும் தொடாதீங்க. டப்பாவுக்கு அடியில சின்னதா ஒரு ஓட்டை இருந்தா பயப்பட வேணாம், தண்ணி வடிய கம்பெனியே போடுறது.

கன்வெர்ட்டர் மட்டும் பழசு வாங்காதீங்கன்னுதான் நான் சொல்வேன், இத நான் காசு குடுத்து கத்துக்கிட்டேன். ஒரு கடைல முழு செட்டா வாங்கி மாட்டுனேன், சத்தமெல்லாம் அருமை, ஆனா புகை டெஸ்ட்ல ரெண்டு தடவ ஃபெயில். கழட்டி பாத்தா உள்ள தேன்கூடு மாதிரி இருக்க வேண்டியத உருவிட்டு வெறும் டப்பாவ வெல்டு வச்சு குடுத்திருக்காங்க. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் அதுலதான் இருக்கு, சும்மா விடுவாங்களா? புகை சர்டிபிகேட் இல்லாம போலீஸ்கிட்ட மாட்டுனா சட்டப்படி 10,000 ரூபா வரைக்கும் ஃபைன். பிஎஸ்6 டீசல் வண்டில புகைக்கரிய புடிக்கிற ஃபில்டரான டிபிஎஃப்பும் அப்படித்தான், உள்ள எவ்ளோ சாம்பல் அடைச்சிருக்குன்னு கண்ணால பாத்து சொல்லவே முடியாது.

மாட்டும்போது கேஸ்கெட், போல்ட், தொங்குற ரப்பர் மூணும் புதுசு போடுங்க, ஜிபி ரோட்ல கெடைக்கும். எல்லாத்தையும் லூசா மாட்டி குழாய் எங்கயும் இடிக்கலன்னு பாத்துட்டு அப்புறம் டைட் பண்ணுங்க, கரண்ட் வெல்டிங்னா பேட்டரி ஒயர கழட்டிட்டு. அப்புறம் வண்டி ஸ்டார்ட் பண்ணி ஜாயின்ட்ல எல்லாம் சோப்பு தண்ணி அடிங்க, நுரை வந்தா லீக், சூடேறுறதுக்குள்ள பாத்துடணும். ஈகோ, ஆம்னில இஞ்சினே சீட்டுக்கு அடியில, அங்க லீக் ஆகுற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கெடையாது, ஏசி போட்டு கண்ணாடிய ஏத்திட்டு ஓட்டுறவங்க இத விட்றாதீங்க. ஒரு வாரம் ஓட்டிட்டு போல்ட்ட இன்னொரு தடவ டைட் வச்சுருங்க.

அப்புறம் உங்க வண்டில கழட்டுன பழைய கன்வெர்ட்டர "இது குப்பைண்ணே, இங்கயே போட்டுட்டு போங்க"ன்னு பாசமா கேப்பாங்க. குடுத்துடாதீங்க, நாலு கடைல வெல கேளுங்க.