காரணமில்லாத மகிழ்ச்சியைக் கவனியுங்கள்

இரவு விளக்கை அணைப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அன்று எந்தக் காரணமும் இல்லாமல் மனம் லேசான ஒரு கணத்தைத் தேடிப் பிடியுங்கள். எனக்கு நேற்று அது துவைத்த துணிகளை மடிக்கும்போது வந்தது. கையில் வெயிலின் சூடு ஆறாத ஒரு சட்டை. யாரும் பாராட்டவில்லை, எதுவும் கிடைக்கவில்லை, ஆனாலும் நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த நிறைவு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள். அவசரப்பட்டுப் பதில் சொல்லிக்கொள்ளாமல் அந்த உணர்விலேயே சற்று நேரம் இருங்கள்.

தைத்திரீய உபநிடதத்தில் பிருகு, எல்லாவற்றுக்கும் மூலமான பிரம்மத்தை அறியத் தந்தை வருணனிடம் போகிறார். தந்தை விடையைச் சொல்லிவிடுவதில்லை. தவத்தால் நீயே அறிந்துகொள் என்று மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்புகிறார். உணவாகிய அன்னம், உயிர்மூச்சாகிய பிராணன், மனம், பகுத்துணரும் அறிவாகிய விஞ்ஞானம் என்று தேடி, ஐந்தாவதாக ஆனந்தமே பிரம்மம் என்று பிருகு கண்டுகொள்கிறார். திருப்பி அனுப்பியதுதான் அந்தத் தந்தை செய்த பேருதவி என்று உறுதியாக நம்புகிறேன்.

குருவும் நூலும் வேண்டாம் என்பதல்ல. நூலைத் திறப்பதற்கு முன் உங்கள் அனுபவத்தை ஒரு வரி எழுதிவிடுங்கள். துக்கமான நாளில் எதுவும் அகப்படாவிட்டால் தேதியை மட்டும் குறித்துவிட்டுத் தூங்குங்கள். மகிழ்ச்சியை வலிந்து வரவழைக்க வேண்டாம்.