மலைப்பக்கம் போகும்போது சார்ஜ் தீராமலிருக்க

குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு பக்கமோ, கீரிப்பாறை வழியாகக் காளிகேசத்துக்கோ போகிறவர்கள், சிக்னல் விட்டுவிட்டு வரத் தொடங்கியதும் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். மாலை வரை சார்ஜ் நிற்கும்.

சிக்னல் பலவீனமான இடத்தில் போன் சும்மா இருப்பதில்லை. டவரைத் திரும்பத் திரும்பத் தேடுகிறது, எட்டாத டவரை எட்டுவதற்காகக் கூடுதல் சக்தியில் அலைகளை அனுப்புகிறது. நாம் தொடாமலே பேட்டரி கரைவது இதனால்தான். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வது மட்டுமே என்பதால், பெரும்பாலான போன்களில் ஃபிளைட் மோடிலும் அது தொடர்ந்து வேலை செய்யும். ஆகவே நாகர்கோவிலிலோ குலசேகரத்திலோ இருக்கும்போதே கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் புளூடூத்தைத் தனியாக மீண்டும் ஆன் செய்துகொள்ளலாம், அதற்குச் செலவாகும் சார்ஜ் மிகக் குறைவு.

முக்கியமான அழைப்பை எதிர்பார்க்கிறவர்களுக்கும், வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் அனுப்புகிறவர்களுக்கும் இது சரிப்படாது. வீட்டில் நோயாளியோ வயதானவர்களோ இருந்தால் செய்யவே வேண்டாம். இப்படி ஃபிளைட் மோடில் போட முடியாதவர்கள், இரண்டு சிம் உள்ள போனாக இருந்தால், சிக்னல் கிடைக்காத சிம்மை மட்டும் அணைத்து வைக்கலாம். அதிலேயே ஓரளவு மிச்சமாகும். மார்த்தாண்டம், தக்கலை போன்ற ஊர்களில் டவர் பக்கத்திலேயே இருப்பதால் குறிப்பிடும்படி எதுவும் மிச்சமாகாது. அவசர உதவிக்கு 112 அழைக்க வேண்டுமென்றால் முதலில் ஃபிளைட் மோடை அணையுங்கள்.