கீழிருந்து மேலே: எம்.ஜி.பி. காரின் கிளச்சில் காற்று எடுப்பது

இறம்பொடை வளைவில் ஏறும்போது கிளச் பெடல் சொதசொதவென்று இறங்கி, கியர் கரகரத்தால் பெரும்பாலும் காற்றுதான் காரணம். 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி. (MGB) என்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரில் கிளச்சுக்கு கேபிள் கிடையாது, பிரேக் ஒயில்தான். காற்று புகுந்தால் நீங்கள் மிதிக்கும் பலம் அதை நசுக்குவதிலேயே போய்விடும்.

முதலில் கசிவு பாருங்கள். கியர்பொக்ஸ் பக்கத்தில், ஒயில் அழுத்தத்தால் கிளச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே நனைந்திருக்கிறதா? பெடலுக்கு மேலே ஈரமா? அப்படியானால் சீல் மாற்றுங்கள். மாற்றாமல் காற்று எடுப்பது வீண் வேலை.

சீல் உடைக்காத டொட் 4 (DOT 4) பிரேக் ஒயில் வாங்குங்கள். இது ஈரத்தை உறிஞ்சும். நுவரெலியா மூடுபனியில் மூடி திறந்து கிடந்த பாதி டின் எனக்கு ஆகவே ஆகாது. சிலிக்கோன் டொட் 5 கலக்கக் கூடாது. பார்மசியில் பெரிய சிரிஞ்ச் ஒன்று, ஸ்லேவ் சிலிண்டரில் காற்று எடுக்கும் நிப்பிளில் இறுக்கமாகப் பிடிக்கும் தெளிந்த டியூப், 7/16 அங்குல ரிங் ஸ்பேனர் போதும்.

நம் ஊரில் சமதளம் கிடைப்பதே பெரிய காரியம், ஆனாலும் தேடிப் பிடியுங்கள். டயருக்குக் கல் வைத்து, ஜக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகே அடியில் போக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது.

வழக்கமான முறையில் ஒருவர் பெடலை மிதிப்பார், மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடுவார். பழைய அழுக்கு ஒயிலை வெளியேற்ற இது நல்லது. டியூபின் மறுமுனையை ஒயில் உள்ள போத்தலில் முக்கி, "மச்சான், மிதி" என்றதும் திறந்து, கால் கீழே இருக்கும்போதே மூடுங்கள். மேலே உள்ள கிளச் ஒயில் டப்பா வற்றவே கூடாது. தெளிந்த ஒயில் வரும்வரை இப்படி.

ஆனால் கடைசிக் காற்று இதில் போகாது. காற்று மேலேதான் ஏறும், நாமோ அதைக் கீழே தள்ளப் பார்க்கிறோம். ஆகவே திசையை மாற்றுங்கள். டப்பாவில் பாதியை உறிஞ்சி எடுத்துவிட்டு, சிரிஞ்சிலும் டியூபிலும் குமிழி இல்லாமல் ஒயில் நிரப்பி நிப்பிளில் மாட்டுங்கள். நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தி, மெதுவாகத் தள்ளுங்கள். மேலே குமிழிகள் வெளிவருவதை மச்சான் பார்த்துச் சொல்லட்டும். அவை நின்றதும் அழுத்தத்தை விடாமல் நிப்பிளை மூடுங்கள். ஒயில் பெயின்டில் பட்டால் உரிந்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எஞ்சினை இயக்கி, கிளச்சை முழுதாக மிதித்து, மூன்று எண்ணி ரிவர்ஸ் போடுங்கள். அதற்கு, கியர் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ இல்லை, அதனால் கிளச் முழுதாக விடுபடாவிட்டால் உடனே கரகரக்கும். சத்தமின்றி விழுந்தால் ஸ்டாண்டை எடுக்கலாம்.