குளிர்காலத்துக்கு எந்த சன்ஸ்கிரீன்?

போன ஜனவரியில் மூன்று நாள் ஊட்டியில் இருந்தேன். விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி. சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டுதான் சுற்றினேன். ஆனாலும் வீடு திரும்பியபோது கன்னம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்திருந்தது. குளிரில் வெயில் சுடவில்லை, அவ்வளவுதான். புற ஊதாக் கதிர் இருக்கத்தான் செய்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும்.

1. டியூபில் எஸ்பிஎஃப் என்று போட்டிருக்கும் தடுப்பு எண் 30 அல்லது 50 போதும். புற ஊதாக் கதிரில் ஒரு வகை யுவிபி, தோலைச் சுட வைப்பது. 30 அதில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 தடுப்பது 98. அதற்கு மேல் காசு கொடுக்க வேண்டாம்.

2. நான் கோட்டைவிட்டது இங்கேதான். எஸ்பிஎஃப் என்பது யுவிபிக்கான கணக்கு. தோலைக் கறுக்கவும் சுருங்கவும் வைக்கிற இன்னொரு வகை யுவிஏ, மேகத்தையும் கார் ஜன்னலையும் தாண்டி வரும். அதற்கு டியூபில் 'பிஏ' என்ற எழுத்தைத் தேடுங்கள். பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது வேண்டும். என் டியூபில் 50 என்று பெரிதாக இருந்தது, பிஏ இல்லவே இல்லை.

3. ஆல்கஹால் கலந்த ஜெல் வேண்டாம், வறண்ட தோலை இன்னும் இழுக்கும். தோலின் ஈரத்தைக் காக்கிற கிளிசரின், செராமைடு உள்ள கிரீம் வாங்குங்கள். சில சன்ஸ்கிரீனில் கதிரைத் தடுக்கச் சேர்க்கிற சிங்க் ஆக்சைடு நம் நிறத்தில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். அதனால் என் ஓட்டு நிறம் கலந்த கிரீமுக்குத்தான். அதிலுள்ள அயர்ன் ஆக்சைடு, முகத்தில் மங்கு (கருந்திட்டு) உள்ளவர்களுக்கும் நல்லது.

4. முதலில் மாய்ஸ்சரைசர். ஐந்து நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டால் ரப்பரால் அழித்த துகள் மாதிரி உருண்டு உருண்டு வரும். அப்புறம் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடி முதல் நுனி வரை கோடாகப் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இவ்வளவு வேண்டும். நான் பட்டாணி அளவுதான் போட்டிருந்தேன். காதையும் விடாதீர்கள். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போடுங்கள். மப்ளர் உரசினாலே பாதி போய்விடும்.

பிறகு சேர்த்தது: தேங்காய் எண்ணெய் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வறட்சிக்குச் சரி, வெயிலுக்கு ஈடாகாது. அதன் மேல் சன்ஸ்கிரீன் போட்டால் வழுக்கிக்கொண்டு ஒட்டாது. எண்ணெயை இரவில் தடவுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், தொப்பியும் நிழலும் போதும்.