வீடுடைப்பு, திருட்டு வழக்கில் அடுத்தடுத்து விதிக்கப்பட்ட சிறைத்தண்டனைகளுக்கு எதிராக மேன்முறையீடு செய்வது எப்படி?

திருகோணமலை நீதவான் நீதிமன்றம் ஒரே வழக்கில் வீடுடைத்தலுக்கு ஒரு சிறைத்தண்டனையும் திருட்டுக்கு இன்னொன்றும் விதித்திருந்தால், அவற்றை ஏககாலத்தில் (ஒரே நேரத்தில்) அனுபவிக்குமாறு நீதவான் கட்டளையிட்டாரா என்பதையே வீட்டார் முதலில் பார்க்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவின்படி, அத்தகைய கட்டளை இல்லாதபோது ஒரு தண்டனை முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கும். நீதவான் எதுவும் சொல்லாததால் இரண்டும் சேர்ந்தே கழியும் என்று நம்பியிருந்தால் அருமையான நாட்கள் வீணாகிவிடும்.

மேன்முறையீட்டுக்கான காலம் 14 நாட்கள் மட்டுமே. மாகாண மேல் நீதிமன்றத்துக்கு முகவரியிட்ட மனுவை, தண்டனை விதித்த அதே நீதவான் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். வழக்கேட்டின் பிரதிக்குப் பதிவாளரிடம் உடனே விண்ணப்பியுங்கள். ஆனால் அது கைக்கு வரும்வரை மனுவைத் தாமதிக்க வேண்டாம்.

மனுவின் உயிர் அதன் காரணங்களில்தான் இருக்கிறது. "தண்டனை கூடுதலானது" என்று பொதுவாக எழுதுவது போதாது. கதவை உடைத்து உள்ளே புகுந்ததும் பொருளை எடுத்ததும் ஒரே இரவில், ஒரே நோக்கத்தோடு நடந்த ஒரே சம்பவம் என்றால், அதற்கு இரு தண்டனைகளை அடுக்கியது மொத்தத்தில் குற்றத்தின் அளவை மீறுகிறது என்று வாதிடலாம். முற்குற்றம் இல்லாமை, பொருட்கள் மீட்கப்பட்டமை, விளக்கமறியலில் கழிந்த காலம் ஆகியவற்றையும் வழக்கேட்டில் உள்ளவாறே குறிப்பிடுங்கள். கூட்டுத்தொகையையும் சரிபாருங்கள்: நீதவான் தமது சாதாரண நியாயாதிக்கத்தில் (வழக்கை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரத்தில்) ஒரு குற்றத்துக்கு விதிக்கக்கூடிய 2 ஆண்டுகளின் இருமடங்கை, அதாவது 4 ஆண்டுகளை, ஒரே வழக்கு விசாரணையில் விதித்த மொத்தத் தண்டனை தாண்டக்கூடாது. சட்டம் சார்ந்த காரணங்களுக்குச் சட்டத்தரணியின் அத்தாட்சியும் தேவைப்படும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குக் குற்றத்தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யப் பொதுவாக இடமில்லை. அவர் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு (கீழ் நீதிமன்றத்தின் கட்டளையை மீண்டும் பரிசீலிக்கக் கோரும் மனு) தாக்கல் செய்வதைப் பற்றிச் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: மேல் நீதிமன்றத்துக்குத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் இருப்பதுபோலக் கூட்டும் அதிகாரமும் உண்டு. ஆகவே மனுவில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியின் ஆலோசனையைப் பெறுங்கள். கட்டணம் செலுத்த வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தை நாடலாம். மனு ஏற்கப்பட்டதும், மேன்முறையீடு முடியும்வரை பிணையில் விடுமாறு தனியாக விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.