ராயல்டி கணக்கை எக்செலிலிருந்து மாற்றப் போகிறீர்களா? முதலில் பெயர்களைச் சரிசெய்யுங்கள்

மும்பை தாராவியில், 90 அடி சாலைப் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவாகும் தமிழ்ப் பாட்டுகளுக்கு ராயல்டிக் கணக்கை, அதாவது பாட்டு ஓடுவதில் வரும் பணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை, நான்தான் பார்க்கிறேன். ஆறு வருஷம் ஒரே எக்செல் ஷீட்டில் ஓட்டினோம். போன வருஷம்தான் தெரிந்தது, ஒரு தவில்காரருக்குப் போக வேண்டிய பணம் இரண்டு வருஷமாக அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது என்று. தொகை பெரியதில்லை. ஆனால் மகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு அவர் கடன் வாங்கிய மாதமும் அந்த இரண்டு வருஷத்துக்குள் இருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றிவிட முடிவெடுத்தோம். உங்களிடமும் முப்பது நாற்பது பாட்டு சேர்ந்திருந்தால் இந்த வேலை வரும், அதனால் நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சாஃப்ட்வேர் தேடுவதைத் தள்ளிப் போடுங்கள். பெயர்களில் ஆரம்பியுங்கள். நம் ஆட்களில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். முருகன் என்று ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆதாரில் எஸ். முருகன், பான் கார்டில் அப்பா பெயர் பின்னால் விரிந்து முருகன் சுப்பிரமணியன், பேங்க் பாஸ்புக்கில் அதுவே தலைகீழாக, பாட்டு வெளியாகும்போது வெறும் முருகன். எழில் மாதிரி பெயர் என்றால் ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டு ஒரு தடவை எழுதுவார்கள், எல் மட்டும் போட்டு இன்னொரு தடவை எழுதுவார்கள். கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் வேறு வேறு ஆட்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் மாறாத ஓர் எண் கொடுங்கள், அந்த எண்ணுக்குக் கீழே அவருடைய எல்லா எழுத்து வடிவங்களையும் போட்டு வையுங்கள், பணம் அனுப்பும் முன் பான் எண்ணையும் பேங்க் கணக்குப் பெயரையும் ஒத்துப் பாருங்கள். இதற்கு மட்டும் எங்களுக்கு மூன்று வாரம் ஆனது, பாதி நேரம் ஃபோனில்தான் போனது.

அப்புறம், பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. வரியும் மெட்டும் ஓர் உரிமை, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலி இன்னோர் உரிமை. இரண்டையும் ஒரே வரிசையில் போட்டால் கணக்கு எப்போதும் குழம்பும். பாட்டுக்கு ஐஎஸ்டபிள்யூசி (ISWC) என்ற அடையாள எண், ஒலிப்பதிவுக்கு 12 எழுத்து-இலக்கம் கொண்ட ஐஎஸ்ஆர்சி (ISRC) என்ற அடையாள எண். ஒரே பாட்டை ரீமிக்ஸ் செய்தால், அல்லது வாத்தியம் குறைத்துத் திரும்பப் பாடினால், புது ஐஎஸ்ஆர்சி வேண்டும். அதே பதிவை வேறொரு தொகுப்பில் சேர்த்தால் பழைய எண்ணே தொடர வேண்டும். நாங்கள் இங்கேதான் நிறையத் தப்பு செய்திருந்தோம், தொகுப்பு வரும்போதெல்லாம் புது எண் வாங்கிவிட்டோம்.

பங்கு விவரம் எழுதும்போது தேதியையும் சேர்த்து எழுதுங்கள். யாருக்கு எத்தனை சதவீதம், எந்த நாளிலிருந்து. பங்கு மாறினால் பழைய வரியை அழிக்காமல் முடிவு தேதி போட்டுவிட்டுப் புது வரி சேருங்கள். மொத்தம் 100 வராவிட்டால் சிஸ்டம் சேமிக்கவே கூடாது. இன்னொன்று, 2012 காப்புரிமை (காப்பிரைட்) சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குச் சட்டம் தந்த ராயல்டி பங்கை லேபிளுக்கு, அதாவது பாட்டை வெளியிடும் கம்பெனிக்கு, எழுதிக்கொடுத்துவிட முடியாது, வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோதான் தரலாம். "ஒரே தடவை பணம், அப்புறம் எதுவும் கேட்கக் கூடாது" என்று யாராவது ஒப்பந்தம் நீட்டினால் அந்தத் தாளை நம்பி உங்கள் டேபிளில் பூஜ்யம் போடாதீர்கள். பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் அவர்களுக்கான காப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸிலும் (IPRS), பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் அவர்களுக்கான சங்கமான இசாம்ராவிலும் (ISAMRA) உறுப்பினராகச் சொல்லுங்கள். அங்கே வசூலாகும் பணம் அவர்களுக்கு நேராகப் போவது, உங்கள் கணக்கில் கலக்காது.

இனி, எந்தப் பதிவுக்கு எவ்வளவு பணம் என்று தளங்கள் அனுப்பும் ரிப்போர்ட். ஒவ்வொரு ஸ்ட்ரீமிங் தளமும் ஒவ்வொரு வடிவில் அனுப்பும், மாதமும் கரன்சியும்கூட மாறும். வந்த ஃபைலைத் தொடாமல் அப்படியே ஒரு ஃபோல்டரில் வையுங்கள், நகலை மட்டும் சிஸ்டத்தில் ஏற்றுங்கள். எந்த ஐஎஸ்ஆர்சியோடும் பொருந்தாத வரிகளைத் தூக்கி எறியாமல், யாருடையது என்று தெரியும் வரை சஸ்பென்ஸ் கணக்கு என்று தனியாக நிறுத்துங்கள். ஆள்வாரியாகப் பிரித்து எழுதியது, சஸ்பென்ஸில் நிற்பது, பேங்க் பிடித்தது, மூன்றையும் கூட்டினால் தளம் அனுப்பிய தொகை பைசா சுத்தமாக வர வேண்டும், வராத வரை யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். டாலரை ரூபாயாக்கும்போது இணையத்தில் பார்த்த விலை வேண்டாம், உங்கள் பேங்க் உண்மையில் கொடுத்த விலையைப் போடுங்கள்.

ஒரு ஸ்ட்ரீமுக்கு வரும் தொகை மிகச் சின்னது என்பதால் நடுவில் எங்கேயும் முழு பைசாவாக்காதீர்கள், கடைசியில் ஒரே ஒரு தடவைதான். 100 ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் 33.33 போக ஒரு பைசா மிச்சம். அது யாருக்கு என்று முன்கூட்டியே விதி எழுதி வையுங்கள். குறைந்தபட்சத் தொகை சேராதவர்களின் பாக்கி அடுத்த காலாண்டுக்குப் போக வேண்டும், அவர்கள் ஸ்டேட்மெண்ட்டிலும் தெரிய வேண்டும். 37 ரூபாய் என்றாலும் அது அவருடைய பணம். முன்பணம் கொடுத்திருந்தால் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்பதையும் காட்டுங்கள்.

பணம் கொடுக்கும்போதே பிடிக்க வேண்டிய வருமான வரி, அதாவது டிடிஎஸ், சுருக்கமாக: உள்நாட்டில் ராயல்டிக்கு 10 சதவீதம், பான் இல்லாவிட்டால் 20. 2025 ஏப்ரலிலிருந்து நிதியாண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும்.

பழைய ஷீட்டை உடனே மூடிவிடாதீர்கள். இரண்டு காலாண்டு இரண்டையும் சேர்த்து ஓட்டி, ஆள்வாரியாக ஒப்பிடுங்கள். முதல் காலாண்டில் எங்களுக்கு ஒன்பது பேர் கணக்கு ஒத்துப்போகவில்லை, ஏழு பேருக்குப் பழைய ஷீட்டில்தான் தப்பு. ஏழு பேருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லி, பாக்கியைக் கொடுத்துவிட்டுத்தான் புது சிஸ்டத்தில் முதல் ஸ்டேட்மெண்ட் அனுப்பினோம். ஸ்டேட்மெண்ட் தமிழிலேயே போகிறது, வாட்ஸ்ஆப்பில், ஒரே பக்கம், கேள்வி கேட்க 60 நாள்.

கடைசியாக, டேபிளில் ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம், வாரிசு பெயர். பாட்டெழுதியவர், மெட்டுப் போட்டவர் மறைந்த பிறகும் அவர்கள் உரிமை 60 வருஷம் நிற்கும், யாருக்கு அனுப்புவது என்று தெரியாவிட்டால் பணம் சஸ்பென்ஸிலேயே கிடக்கும். வயதானவர்களிடம் இதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், நேரில் போய் உட்கார்ந்து கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். எங்களிடம் இன்னும் நான்கு பேருடைய கட்டம் காலி, இந்த ஞாயிற்றுக்கிழமை சயானுக்கும் செம்பூருக்கும் போகப் போகிறேன்.