விடியற்காலைத் தலைச்சுற்றலும் குறையாத செம்பும்

கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து, செல்லூரில் எங்களுடன் வசிக்கும் 78 வயது அம்மாவுக்கு, நண்பகலில் அல்லாமல், விடியற்காலையில் கட்டிலை விட்டு எழும்போது தலை சுற்றியது. சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது. மின்விசிறியை மாற்றியும், பகலில் இளநீரும் மோரும் கொடுத்தும் பயனில்லாமல் ஐந்து நாட்கள் வீணாயின.

ஆறாம் நாள் காலையில்தான், இரவு தலைமாட்டில் நிரப்பி வைத்த செம்பில் தண்ணீர் கழுத்தளவு அப்படியே இருந்ததைக் கவனித்தேன். கேட்டபோது, "ராத்திரி கக்கூசுக்கு எந்திரிச்சா விழுந்துருவேன்னு பயமா இருக்குய்யா" என்றார். மாலை ஐந்து மணிக்குமேல் அவர் தண்ணீரையே தொடுவதில்லையாம். முதுமையில் தாக உணர்வு மங்கிவிடுவதால் அது அவருக்குக் குறையாகவும் தெரியவில்லை. பகலெல்லாம் வெயிலை உள்வாங்கிய மொட்டைமாடித் தளம் இரவு பத்து மணிக்கும் உள்ளங்கையைச் சுட்டது. அதன் கீழேதான் அவர் வியர்த்தபடி படுத்திருந்தார்.

அன்றே கட்டிலைக் கீழ்த்தளத்தில் கழிவறையை ஒட்டிய அறைக்கு மாற்றி, சுவரில் கைப்பிடியும் இரவு விளக்கும் பொருத்தினேன். இரத்த அழுத்தத்துக்காக அவர் சாப்பிடும் மாத்திரை சிறுநீரைப் பெருக்கும் வகை என்பதால் மருத்துவரிடம் விவரத்தைச் சொன்னோம். அவர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தத்தை அளந்து, மாத்திரையின் அளவைக் குறைத்து, ஒரு நாளில் குடிக்க வேண்டிய தண்ணீரின் அளவையும் குறித்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் விடியலில் அம்மா தாமாகவே எழுந்து வாசலுக்கு வந்தார். செம்பு காலியாக இருந்தது.